மூன்று பேக்கும் ஒரு கயிறும்

கீழக்கரையில் அகமது கபீரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவரோடு நின்று பேசத் துணிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆள் தங்கமானவர்தான். ஒருத்தரை ஏய்த்தவர் இல்லை, ஏசியவர் இல்லை. ஆனால் கேள்வி கேட்டே மனிதரை அரித்துவிடுவார். இடியாப்பத்தை ஏன் வட்டமாகவே பிழிகிறாய் என்று மனைவி மஜீதாவைக் கேட்பார். தொழுகைக்கு முன் பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்தவர், தண்ணீருக்குள் ஓடும் மீன்களைப் பார்த்துக்கொண்டே, "இதுக எப்பத் தூங்கும்?" என்று பக்கத்து ஆளைக் கேட்பார். பக்கத்து ஆளுக்கு எந்தக் காலைக் கழுவினோம் என்பது மறந்துபோகும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலை, கயிறு பிடிப்பது.

சங்கு குளிக்கிறவர் ஒரு கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்குவார். இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனை படகில் இருப்பவர் கையில். கீழே மூச்சு முட்டும்போது குளிக்கிறவர் கயிற்றை வெடுக்கென்று இழுப்பார். மேலே இருப்பவர் அந்தக் கணமே கயிற்றை வலித்து இழுக்கத் தொடங்க வேண்டும். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தால் கீழே ஆள் மவுத். அதனால் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்பதற்கு அந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. அண்ணன் தம்பியிடம் கொடுக்கமாட்டார்கள். பங்காளி மனசில் ஆயிரம் இருக்கும். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். தன் சகோதரி கழுத்துக் கருகமணியை அறுத்துக்கொண்டு விதவையாக நிற்க எவன் சம்மதிப்பான்?

கபீரின் தங்கை சபியாவைக் கட்டியவர் சீனி முகம்மது. அந்தப் பக்கத்தில் அவர் அளவுக்கு மூச்சுப் பிடிக்கிறவர் கிடையாது. அவர் முங்குவார், கபீர் கயிறு பிடிப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான்.

இதில் கபீருக்கு ஒரு பெரிய குறை. அவருக்குக் கடலுக்கு அடியில் இறங்கிப் பார்க்க வேண்டும். சங்கு எடுக்க இல்லை, சும்மா பார்க்க. கரையோரம் முங்கினால் வெறும் கலங்கல்தான். சங்கு கிடக்கும் பார் என்கிற கடலடித் திட்டுக்குக் கல் இல்லாமல் போக முடியாது, கயிறு இல்லாமல் வர முடியாது. அவருக்குக் கயிறு பிடிக்க யார் இருக்கிறார்கள்? மஜீதா ஒற்றைப் பிள்ளை. அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. சீனி முகம்மது பிடிக்கலாமே என்றால், கபீர் கட்டியது அவர் தங்கையை இல்லை, வழக்கம் ஒத்துக்கொள்ளாது. ஆக, மச்சினன் இல்லாத வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு, கேள்வி கேட்கவே பிறந்த மனிதர் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரின் மேல்தோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அல்லாஹ்வின் ஏற்பாட்டில் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் இது கொஞ்சம் அநியாயம்தான்.

கடலுக்குப் போகாத நாட்களில் இருவரும் பந்து ஆடினார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊருக்கு மேற்கே மணல் பொட்டலில் வெறுங்காலோடு ஆட்டம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லாம் கோலுக்கு முன்னால் நின்று தடுக்க இரண்டே பேக்தான். கீழக்கரைக்கு அந்த இரண்டு பேக் சீனி முகம்மதும் கபீரும். பந்து வந்தால் சீனி பாய்வார். கபீர் அவருக்குப் பின்னால், கோலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நிற்பார். சீனி விட்டதைக் கபீர் பிடிப்பார். ஒருத்தர் முங்க, ஒருத்தர் கயிறு பிடிக்க. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இவர்களுக்கு முன்னால் சென்டர் ஹாஃப், வாவு முகம்மது. சோடாக் கடை வைத்திருந்தார். இவர்களுக்கு மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் 'வாவு காக்கா'. தரையில் அவர் ராஜா. மைதானம் முழுக்க இஷ்டத்துக்குச் சுற்றுவார். தண்ணீர் மட்டும் ஆகாது. பாம்பன் பாலத்தில் ரயிலில் போகும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டு ஓதுகிறவர்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் கமுதிக்காரர்கள் வந்து கீழக்கரையைப் பந்தாடிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு தவசி, மிளகாய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். நடக்கும்போது பார்த்தால் சாது. பந்து காலுக்கு வந்துவிட்டால், சீனிக்கும் கபீருக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்துப் புகுந்துவிடுவார். அன்றைக்கு எத்தனை முறை புகுந்தார் என்று ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மறுவருஷம் கொழும்பிலிருந்து பாக்கர் வந்தார். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கையில் வாட்ச், பாக்கெட்டில் சீப்பு, வாயைத் திறந்தால் 'கொழும்புல'. வந்த மறுநாளே வாவு முகம்மதின் சோடாக் கடையில் உட்கார்ந்து, பெஞ்சின் மேல் சோடா பாட்டில்களை அடுக்கத் தொடங்கினார்.

"கொழும்புல இப்ப யாரும் ரெண்டு பேக் ஆடுறதில்ல. மூணு பேக்குதான். எதிராளி சென்டர் ஃபார்வர்டுக்குன்னே நடுவுல ஒரு ஆளு. அவன் தண்ணி குடிக்கப் போனாலும் இவன் கூடப் போகணும். மத்த ரெண்டு பேக்கும் ரெண்டு ஓரத்துக்கு. விங்ல ஓடி வாரவன அவங்க பாத்துக்கிரணும்."

"அப்ப நானு?" என்றார் வாவு முகம்மது.

"காக்கா பின்னால வாங்க. வலது ஓரம் உங்களுக்கு. இடது ஓரம் கபீரு. நடுவுல சீனி."

ராஜாவைக் கூப்பிட்டு வாசல் காக்கச் சொன்ன மாதிரி இருந்தது வாவு முகம்மதுக்கு. ஒரு பாட்டிலை உடைத்துக் குடித்துவிட்டு, "சரி, ஆடிப் பாப்போம்" என்றார். பெரிய மனசு அவருக்கு. கபீரோ பெஞ்சின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கரு, ஒரு சந்தேகம். சீனி மச்சான் நடுவுல முங்குறாரு. அப்பக் கயிறு யாரு கையில? என் கையிலயா, வாவு காக்கா கையிலயா?"

"கயிறுமில்ல கியிறுமில்ல. நீ உன் விங்கப் பாரு."

"அப்ப அவரு முங்குனா பின்னால யாரும் இல்லியா?"

பாக்கர் ஒரு பாட்டிலை நகர்த்தினார். யோசித்தார். இன்னொன்றை நகர்த்தினார். முதலில் நகர்த்தியதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார்.

"கபீரு, உள்ளதச் சொல்லுறேன். நான் அங்கன கேலரியில ஒக்காந்து பாத்தவன். ஆடுனவன் இல்ல. என்னயப் போட்டு ஆட்டாத."

அந்த வருஷ முதல் ஆட்டம் கமுதியில். பஸ்ஸில் புழுதி குடித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மூணு பேக் ஜெயித்தது. தவசி எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே சீனி முகம்மதின் நெஞ்சு. வழக்கமான சந்தில் ஆள் நின்றுகொண்டிருந்தால் பாவம் அவரும் என்ன செய்வார்? விங்கில் வந்தவர்களை ஓரத்திலேயே கபீரும் வாவு முகம்மதும் மடக்கிவிட்டார்கள். கீழக்கரை ஒரே ஒரு கோல் அடித்தது, அதுவே போதுமாக இருந்தது. பாக்கரைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்களில் கபீர் இல்லை. அவர் ஓரமாக நின்று ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து கமுதிக்காரர்கள் சாப்பாடு போட்டார்கள். கபீர் தேடிப்போய்த் தவசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கேதான் இந்த உலகத்தில் வேறெந்த பேக்கும் செய்யாத காரியத்தைச் செய்தார்.

"ஏன் தவசி, நீங்க ஏன் நடுவுலயே நின்னீங்க?"

"சென்டர் ஃபார்வர்டு நடுவுல நிக்காம எங்கன நிப்பான், பாய்?"

"இல்ல, சீனி மச்சான் உங்கள விடவே இல்லியே. நீங்க உங்க கோல் பக்கமா நடந்து போயிருந்தா, அவரும் உங்க பின்னாடியே வந்திருப்பாருல்ல? அப்ப எங்க நடு காலியாத்தானே கெடக்கும்? ரெண்டு பேக் ஆடும்போது இந்தத் தொல்ல இல்ல. நாங்க ஆளப் பாக்க மாட்டோம், எடத்தப் பாப்போம். இது எப்படின்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

தவசி சோற்றில் கையை வைத்தபடி அவரையே பார்த்தார். பிறகு கபீரின் இலைக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார்.

கபீரிடம் கபடம் எதுவும் இல்லை. தனக்குத் தோன்றிய சந்தேகம் தன்னைப் போல எல்லோரையும் தூங்கவிடாமல் செய்யும் என்று அவர் நம்பினார். அதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டால் யாருக்குக் கிடைத்தால் என்ன? அவர் புத்தி அப்படி.

இரண்டாவது ஆட்டம் கீழக்கரையில். ஊரே பொட்டலைச் சுற்றி நின்றது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் பெண்கள் கூட்டம். சபியாவும் மஜீதாவும் அதில் இருந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் தவசி நிதானமாகத் தன் பக்கத்துக்கு நடந்து போனார். சீனி பின்னாலேயே போனார். பாக்கர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர் சீனி. தவசி இன்னும் பின்னால் போனார். சீனியும் போனார். கீழக்கரையின் நடு வாசல் திறந்து கிடந்தது.

அதைப் பார்த்ததும் கபீருக்குக் காலே நிற்கவில்லை. மச்சான் முங்கிவிட்டார், பின்னால் யாரும் இல்லை! விங்கை விட்டுவிட்டு நடுவுக்கு ஓடினார். அந்தப் பக்கமிருந்து வாவு முகம்மதும் அதே எண்ணத்தோடு ஓடி வந்தார். இருவரும் கோலுக்கு முன்னால் முட்டிக்கொள்ளாத குறை. கமுதியின் விங்கில் ஓடி வந்த முனியசாமிக்கு எதிரே மணலும் வானமும் தவிர யாரும் இல்லை. நிறுத்தி, பார்த்து, அடித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபக்க விங்கில் வந்தவரும் அதையே செய்தார். இரண்டு கோல்.

இது போதாதென்று தவசி வாய் நிறையச் சிரிப்போடு கத்தினார்: "கபீர் பாய், நீங்க சொன்னது ரொம்பச் சரி!"

ஊரே கேட்டது. மாடியும் கேட்டது. சீனி முகம்மது மெதுவாகத் திரும்பினார்.

இடைவேளையில் சீனி கபீர் அருகில் வந்து, "என்னலே சொன்னே அவன்ட்ட?" என்றார். கபீர் உள்ளதைச் சொன்னார். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்.

"கயித்தப் புடிக்கிறவன்னு நெனச்சேன்," என்றார் சீனி. "நீயே அறுத்து விட்டுட்டியே."

அப்படி ஒரு சொல்லை அந்த வாயிலிருந்து கேட்பதற்குப் பதில் கபீர் அடி வாங்கியிருக்கலாம். வாவு முகம்மதிடம் போய் ஏதாவது பேசலாம் என்றால், சுற்றி நின்றவர்கள் ஏசிய ஏச்சில் பேச இடமில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

மறுபடியும் தவசி பின்னால் நடந்தார். சீனியும் போனார். மறுபடியும் நடு காலி. பந்து கபீரின் பக்கம் முனியசாமிக்கு வந்தது. கபீரின் கால் பழக்கத்தில் நடுவை நோக்கி எழும்பியது. நடுவுக்குப் போனால் என்ன ஆகும் என்பது தெரியும், பார்த்தாயிற்று. போகாவிட்டால் என்ன ஆகும்? அது தெரியாது. அந்தத் தெரியாதது அவரைப் பிடித்துத் தள்ளியது. ஊர் ஏசட்டும், மச்சான் கொல்லட்டும், பார்த்துவிடுவோம் என்று கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முனியசாமியை நோக்கி வெளியே ஓடினார்.

தனக்கு முன்னால் ஒருத்தர் இல்லாமல், தான் யாருக்கும் பின்னால் இல்லாமல், அவர் ஓடியது அதுதான் முதல் முறை. முதுகெல்லாம் கூசியது. பயமாகவும் இருந்தது, ஏதோ திருவிழாவில் கை விடுபட்ட பிள்ளை மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது. முனியசாமி அவசரப்பட்டுப் பந்தை நடுவுக்குத் தூக்கி அடித்தார். அது கபீரின் தலைக்கு மேல் போயிற்று. அவ்வளவுதான், தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், தன் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து நின்றிருந்தார் வாவு முகம்மது. நெற்றியில் மணல். பந்து எங்கோ போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க அப்படியே நடந்தது. இந்தப் பக்கம் வந்தால் கபீர் போவார், வாவு நடுவுக்கு வருவார். அந்தப் பக்கம் போனால் வாவு போவார், கபீர் நடுவுக்கு வருவார். ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசவில்லை. கமுதியால் இன்னொரு கோல் அடிக்க முடியவில்லை. கீழக்கரை ஒன்று அடித்தது. ஆனாலும் ஒன்றைவிட இரண்டு பெரிதுதானே, தோற்றார்கள்.

கலையும்போது கபீர் ஓடிப்போய் வாவு முகம்மதைப் பிடித்தார். "காக்கா, நீங்க ஏன் வந்தீங்க?"

"நடுவுல யாரும் இல்லியே. அதான் வந்தேன்," என்றார் வாவு முகம்மது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஊர் மூணு பேக்கைத் தலைமுழுகியது. நமக்கு இரண்டே போதும், கொழும்புச் சமாச்சாரம் இங்கே எடுபடாது என்று தீர்மானம் ஆயிற்று. பாக்கர் வாட்சைத் துடைத்துக் கட்டிக்கொண்டு, கொழும்புக் கப்பலைப் பிடிக்கத் தனுஷ்கோடிக்கு ரயில் ஏறிவிட்டார். சீனி முகம்மது கபீரோடு பேச்சை நிறுத்தினார். ஆனால் சங்குப் பருவம் முடியும்வரை கயிறு என்னவோ கபீர் கையில்தான். வேறு மச்சினன் இல்லையே. முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை நீட்டுவார், கபீர் வாங்கிக்கொள்வார். முங்கி வருவார். பேசமாட்டார்.

கபீருக்கு அந்த 'டம்' சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. வாவு முகம்மது அவருக்கு என்ன உறவு? ஒன்றுமில்லை. அவர் சகோதரி யாரும் கபீர் வீட்டில் வாழவில்லை. அப்படியிருந்தும் வந்து நின்றாரே? பருவம் முடிந்து படகுகளைக் கரையேற்றிய ஒரு நாள், மஜீதா மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"மஜீதா, நான் கடலுக்குள்ள எறங்கிப் பாக்கணும்."

"யாரு கயிறு புடிக்கிறது?"

"வாவு காக்கா."

மஜீதா கத்தியைக் கீழே வைத்தாள். ஊர் வழக்கமே அவள் கழுத்துக் கருகமணிக்காகத்தான். ஆனால் இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை.

"அன்னைக்கு நீங்க கோலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு வெளிய ஓடுனீங்க. மாடியில இருந்து பாத்தேன். உங்க எடத்துல அவரு வந்து நின்னாரு. நீங்க வரச் சொன்னீங்களா?"

"சொல்லல. அவராத்தான் வந்தாரு."

அவள் கத்தியை எடுத்து மீனின் செதிலைச் சுரண்டினாள். "சொல்லி வாரவங்கள நம்பலாம். சொல்லாம வாரவங்கள இன்னும் நம்பலாம். போயிட்டு வாங்க. சொணங்காம வாங்க," என்றாள்.

வாவு முகம்மது முதலில் சோடாக் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவிடுவார் போல இருந்தது. கபீர் விடவில்லை. விட்டால் அவர் கபீரா? கடைசியில் ஒரு காலை நேரம், காற்று அடங்கிய நாளாகப் பார்த்து, ஒரு சின்ன வள்ளத்தைத் தள்ளினார்கள். விஷயம் எப்படியோ சீனிக்கு எட்டிவிட்டது. அவர் வந்து, யாரையும் பார்க்காமல், துடுப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'சோடாக்காரனை நம்பி ஒருத்தன் கடலில் இறங்குவதா' என்பது அவர் முதுகிலேயே எழுதியிருந்தது.

பாருக்கு மேலே வள்ளம் நின்றபோது வாவு முகம்மதின் முகம் வெளிறிப்போயிருந்தது. கண்ணை மூடவில்லை, அதுவே பெரிது. கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அப்படிச் சுற்றக் கூடாது, உரசினால் கை போய்விடும் என்று சொல்ல சீனி வாயெடுத்தார்; பேசக் கூடாது என்பது நினைவு வந்து மூடிக்கொண்டார். கபீர் "பிஸ்மில்லாஹ்" என்று மூச்சை இழுத்துக் கல்லோடு இறங்கினார்.

கீழே அவர் நினைத்த எதுவும் இல்லை. நினைக்காதது எல்லாம் இருந்தது. பச்சை வெளிச்சம். பாசி ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு எல்லாம் சேர்ந்து மறுபக்கம் சாய்ந்தது. ஒரு சங்கு மணலில் நடந்துகொண்டிருந்தது. நடக்கிறது! வாழ்நாளெல்லாம் படகில் குவிந்து கிடந்ததைப் பார்த்தவருக்கு அது கால் இல்லாமல் நடக்கும் என்பது தெரியாது. எங்கே போகிறது, ஏன் இத்தனை மெதுவாகப் போகிறது என்று குனிந்தார். இன்னும் குனிந்தார். கயிற்றை இழுக்க வேண்டும் என்பதே நினைவில் இல்லை.

மேலே, "சைகை வரல, வலிக்காதீங்க," என்று சீனி பேசியே விட்டார்.

"வரலன்னா?" என்றார் வாவு முகம்மது. சைகை வராவிட்டால் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் சோடாக்காரருக்குத் தெரியாது. இத்தனை நேரம் ஒரு மனிதன் தண்ணீருக்குள் இருக்கிறான் என்பது மட்டுமே தெரியும். எழுந்து நின்று, வள்ளம் ஆட, பைத்தியம் பிடித்தவர் மாதிரி வலித்தார்.

கபீர் மூச்சு வாங்கிக்கொண்டு, மூக்கில் ஒழுகும் தண்ணீரோடு வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தார். முதல் வார்த்தையே புகார்தான். "நான் இழுக்கலியே காக்கா! இன்னும் கொஞ்சம் பாத்திருப்பேனே!"

"பாத்திருப்ப," என்றார் சீனி முகம்மது. "பாத்துக்கிட்டே மவுத்தாயிருப்ப, மச்சான்." அவரை இரண்டு தோளிலும் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

கபீர் உட்கார்ந்து தலையைத் துவட்டினார். சங்கு நடந்த கதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டார். வாவு முகம்மதின் உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு சிவந்திருந்தது. "இனி விடுங்க காக்கா, ஏறிட்டேன்ல?" என்றார். வாவு முகம்மது தலையை ஆட்டினார். ஆனால் வள்ளம் கரை தட்டும்வரை அவர் அந்தக் கயிற்று முனையைக் கையிலிருந்து விடவில்லை.